மழை விட்ட வளவை மொட்டையடிக்க வேண்டாம்

தைப்பொங்கல் கழிந்து ரெண்டு கிழமைக்குள்ள யாழ்ப்பாணத்தின் எந்த ஒழுங்கைக்குள்ளயும் காலமை ஆறரை மணிக்குப் போய்ப் பாருங்கோ. முதல்ல விளக்குமாறு இழுபடுற சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில புகை வரும். பாதி காய்ந்த சருகு எரியிற புகை வெள்ளையாக, நிலத்தோட ஒட்டி, மதிலுக்கு மேலால வழிஞ்சு அடுத்த வீட்டுக் குசினிக்குள்ள போகும். மாரி முடிஞ்சுது, வளவு துப்பரவாக்கிற காலம் தொடங்கீட்டுது எண்டதுக்கு அடையாளம் அதுதான்.

மூன்று மாச மழைக்குப் பிறகு வளவில வேலை இருக்கு எண்டதை நாங்கள் மறுக்கேல்ல. முழங்கால் உயரத்துக்குப் புல்லு. பாசி பிடிச்ச கிணத்தடி, முறிஞ்சு விழுந்த முருங்கைக் கொப்பு, சரிஞ்ச வேலி. எங்கட சண்டை அந்த வேலையைச் செய்யிற விதத்தோட. செருக்கி, கூட்டி, எரிச்சு, அதுக்கு மேல மருந்தடிச்சு, காசு இருந்தால் கல்லும் பதிச்சு, மாசி முடியிறதுக்குள்ள வளவை மொட்டையடிச்சு விடுகிறோம். பிறகு சித்திரை வெயிலுக்கு நின்றுகொண்டு, "என்ன வெக்கை இது, கிணத்திலயும் தண்ணி இறங்கீட்டுது" எண்டு சொல்லுறம்.

குடாநாட்டில வருஷம் முழுக்க ஓடுற ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறுகூட மாரிக்கு மட்டும் ஆறு. எங்கட வருஷத்து மழையில பெரும்பங்கு ஒக்ரோபர் தொடக்கம் டிசம்பர் வரைக்கும் விழுந்து முடிஞ்சிடும். அந்தத் தண்ணி மண்ணுக்குள்ளால இறங்கி, கீழ இருக்கிற சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள்ள போய், உவர்த்தண்ணிக்கு மேல ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக மிதந்துகொண்டு நிக்கும். தை தொடக்கம் புரட்டாதி வரைக்கும் நாங்கள் குடிக்கிறது, குளிக்கிறது, தோட்டத்துக்கு இறைக்கிறது எல்லாம் அதுக்குள்ள இருந்துதான். அளவுக்கு மிஞ்சி இறைச்சால் கீழ இருக்கிற உவர் மேல வரும். பள்ளிக்கூடத்தில புவியியல் படிச்ச எல்லாருக்கும் இது தெரியும். தெரிஞ்ச விஷயத்துக்கும் எங்கட முத்தத்துக்கும் தொடர்பு இருக்கு எண்டதுதான் மறந்துபோன பகுதி.

வேறு நாடுகளில பனிக்காலம் முடிஞ்சால் வசந்தம் வரும், செடி துளிர்க்கும், அதுக்காக வளவைத் தயார் செய்வினம். எங்களுக்கு மழைக்குப் பிறகு வாறது எட்டு மாசக் கோடை. ஆனபடியால் தை, மாசியில வளவில செய்யிற ஒவ்வொரு வேலையும் ஒரு கேள்விக்குப் பதிலாக இருக்கவேணும்: இந்த ஈரத்தை எவ்வளவு நாளைக்குப் பிடிச்சு வைக்கலாம்? மொட்டையடிச்ச நிலத்தில வெயில் நேராக விழும். மேல்மண் இறுகிப் பொருக்குக் கட்டும். வைகாசியில சோளகம் தொடங்க அந்தப் பொருக்கும் உடைஞ்சு புழுதியாகி வீட்டுக்குள்ள வரும். அதையும் அம்மாதான் கூட்டவேணும்.

சரி, ஏன் இப்பிடிச் செய்யிறம்? சும்மா பழக்கம் எண்டு சொல்லிக் கடந்துபோக எங்களுக்கு விருப்பமில்லை. கூட்டின முத்தம் எங்கட சனத்துக்கு ஒரு செய்தி. இந்த வீட்டில ஆள் இருக்கு, விடியப் பெண் ஒருத்தி எழும்பியிருக்கிறாள், நோய் நொடி இல்லை எண்ட செய்தி. கூட்டாத முத்தம் எண்டால் செத்தவீடு, அல்லது பூட்டின வீடு. போருக்குப் பிறகு அந்தப் பொருள் இன்னும் கனத்துப்போச்சு. 1990 இல் வலிகாமம் வடக்கில இருந்து எழும்பின சனம், இருபது, இருபத்தைந்து வருஷம் கழிச்சுக் காணி விடுபட்டுப் போய்ப் பார்த்தபோது கண்டது வளவை இல்லை, காட்டை. எது தன்ர எல்லை எண்டு தெரியாமல், கிணத்துக்கட்டை வைச்சும் நின்ற ஒரு பனையை வைச்சும் காணியை அடையாளம் பிடிச்ச ஆக்கள் இருக்கினம். வன்னியில கண்ணிவெடி அகற்றி முடியும்வரைக்கும் சொந்த வளவில கால் வைக்கேலாமல் முகாமில இருந்த ஆக்கள் இருக்கினம். புல்லும் பற்றையும் அவர்களுக்கு இயற்கை அழகு இல்லை. இல்லாமல் போன வருஷங்களின்ர உருவம் அது. அப்பிடிப்பட்ட ஒரு தாய் ஒரு சருகுகூட இல்லாமல் முத்தத்தைக் கூட்டுறா எண்டால், அவவுக்கு முன்னால போய் நின்று சூழலியல் வகுப்பு எடுக்கிறதுக்கு எங்களுக்கு உரிமை இல்லை.

ஆனால் கூட்டுறது வேற, எரிக்கிறது வேற. இந்த ரெண்டையும் ஒரே வேலையாக நினைக்கத் தொடங்கினதுதான் எங்களுக்குப் பிழையாகப் படுகுது.

எங்கட பேரன், பேத்தி காலத்து வளவில சருகு குப்பை இல்லை. வாழையடிக்கும் தென்னையடிக்கும் போகும். பொச்சுமட்டையைத் தென்னையைச் சுற்றிக் கிடங்கு வெட்டித் தாட்டு விடுவினம், அது பஞ்சு மாதிரித் தண்ணியைப் பிடிச்சு வைச்சிருந்து கோடையில குடுக்கும். வேலியில நின்ற பூவரசு, கிளுவை, சீமைக்கிளுவை எல்லாத்தையும் வெட்டி, குழையில பாதி ஆட்டுக்கு, பாதி தோட்டத்தில தாட்கிறதுக்கு. உயிர்வேலி எண்டது எல்லை மட்டுமில்லை, பசளைத் தொழிற்சாலையும்கூட. இப்ப வேலி போய் மதில் வந்திட்டுது. மதில் ஒருநாளும் குழை தராது. நாங்கள் சருகை எரிச்சுப்போட்டு, கடையில பையில அடைச்ச கூட்டெருவைக் காசு குடுத்து வாங்கி, பூச்சாடிக்குப் போடுறம். அந்தப் பைக்குள்ள இருக்கிறதும் ஆரோ ஒருத்தர் எரிக்காமல் விட்ட சருகுதான்.

சாம்பல் செடிக்கு நல்லது எண்டு ஒரு கதை வரும். கொஞ்சம் உண்மை. சாம்பலில பொட்டாசியம் மிஞ்சும். ஆனால் சருகில இருந்த நைதரசனும் காபனும் புகையோட போயிடும். மண்ணுக்குத் தேவையான உக்கல் ஒரு பிடிகூட மிஞ்சாது. இன்னொரு விஷயம், சாம்பல் காரத்தன்மை உள்ளது. சுண்ணாம்புக்கல்லுக்கு மேல கிடக்கிற எங்கட மண் பல இடங்களில ஏற்கனவே அந்தப் பக்கம் சாய்ஞ்சுதான் இருக்கு. அதுக்கு மேலும் மேலும் சாம்பல் கொட்டுறதால பெரிய லாபமில்லை. போதாததுக்கு இப்ப சருகு மட்டும் எரியிறதில்லை. சொப்பிங் பை, யோகட் கப், பிஸ்கட் பேப்பர், பிள்ளையின்ர பாம்பேர்ஸ் எல்லாம் அதே குவியலுக்குள்ள. காலமை இழுப்பு வந்து பம்ப் அடிச்சுக்கொண்டு பள்ளிக்கூடம் போற பிள்ளையள் எல்லா ஒழுங்கையிலயும் இருக்கினம்.

அப்ப என்ன செய்யிறது? கோடிப்பக்கம் ஒரு மூலையில, மூன்றடி அகலம் மூன்றடி ஆழத்துக்கு ஒரு கிடங்கு. செம்மண் பக்கம் எண்டால் தை முடியமுதல் வெட்டுங்கோ, ஈரத்தில மண்வெட்டி இறங்கும். பங்குனியில வெட்ட வெளிக்கிட்டால் அலவாங்கு வேணும். கல்லு மேலாக இருக்கிற இடத்தில கிடங்கு வேண்டாம், நாலு கதியால் நட்டுப் பழைய வலையைச் சுற்றிக் கட்டினால் போதும். சருகு ஒரு படை, பச்சைக்குழை அல்லது சமையல் கழிவு ஒரு படை, கொஞ்சம் மாட்டெரு, மேல மண். இடைக்கிடை தண்ணி தெளிக்கவேணும், காய்ஞ்சால் உக்காது. வைகாசி, ஆனியில கறுப்பாக உதிரத் தொடங்கும். அவ்வளவுக்கும் பொறுமை இல்லாதவர்கள் சருகை அள்ளி நேராக வாழை, தேசி, கறிவேப்பிலை அடியில நாலு விரல் தடிப்புக்குப் பரப்பி விடுங்கோ, தண்டில முட்டாமல். மூடின மண்ணும் திறந்த மண்ணும் எப்பிடிக் காயுது எண்டதை ஒரு கிழமையில விரல் வைச்சே பார்க்கலாம். யூரியூப் வீடியோ ஒன்றும் தேவையில்லை.

புல்லுக்கு வருவம். உழவாரத்தால செருக்கிறது பார்க்கத் துப்பரவாக இருக்கும். ஆனால் கோரைக்கு அது தலைமயிர் வெட்டுற மாதிரித்தான். கிழங்கு கீழ பத்திரமாக இருக்கும், பத்து நாளில திரும்ப முளைக்கும். ஈரம் இருக்கிற தை மாசத்தில கிழங்கோட கிண்டி எடுத்தால்தான் உண்டு, அதுவும் ஒரு வருஷத்தில முடியாது. நெருஞ்சியைக் காய் வைக்க முதல் பிடுங்கவேணும். இல்லாட்டி வருஷம் முழுக்கச் செருப்பில இருந்து முள்ளுப் புடுங்கிக்கொண்டிருப்பீங்கள். பார்த்தீனியத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேணும். இலை கரட் இலை மாதிரி இருக்கும், பூ சின்ன வெள்ளை. ஒரு செடி ஆயிரக்கணக்கில விதை போடும், சிலருக்குத் தோலில கடி, சிலருக்கு இழுப்பு. அதைப் பூக்க முதல், கையுறை போட்டு, வேரோட பிடுங்கவேணும், அதில இரக்கம் வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ: பார்த்தீனியத்துக்கு மிகவும் பிடிச்ச இடம் வெறும் நிலம். கிளறி, செருக்கி, ஒன்றும் இல்லாமல் விட்ட நிலம். அறுகும் சாரணையும் மூடியிருக்கிற இடத்தில அது இவ்வளவு சுகமாக வராது. நாங்கள் மொட்டையடிக்கிறதே அதுக்குப் பாய் விரிச்சுக் குடுக்கிற வேலைதான்.

மற்றதெல்லாம் பகை இல்லை. மாரி முடியிற காலத்து வளவில கீழ்க்காய்நெல்லி, சாரணை, மூக்கிரட்டை, குப்பைமேனி, பொன்னாங்காணி, வேலியில முசுட்டையும் மொசுமொசுக்கையும் தூதுவளையும் முடக்கொத்தானும். இலைக்கஞ்சிக்கும் வறைக்கும் இதுகளைத் தேடித் திரிஞ்ச காலம் இருந்தது. இப்ப நகரத்துக் கடையில இலைக்கஞ்சியைக் கப்பில வாங்கிக் குடிக்கிறம், வீட்டில நிக்கிற இலையைச் செருக்கி எரிக்கிறம். எங்கட வயதுக்காரரில எத்தனை பேருக்கு முசுட்டையையும் மொசுமொசுக்கையையும் பிரிச்சுத் தெரியும்? பேர் தெரியாத செடி எல்லாம் "புல்லு" ஆகிறது இப்பிடித்தான். பேர் தெரிஞ்ச அம்மம்மாமார் இன்னும் இருக்கினம். இந்தத் தை, மாசியில போனைக் கொண்டுபோய் அவையளோட வளவைச் சுற்றி ஒரு நடை நடந்து, ஒவ்வொன்றையும் படம் எடுத்துப் பேரைப் பதிஞ்சு வையுங்கோ.

இனி மருந்தடிக்கிற கதை. கிளைபோசேற்றை இலங்கை 2015 இல் தடைசெய்தது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தினது. இந்தத் தடையும் தளர்வும் ஏன் வந்தது, சரியா பிழையா எண்டது பெரிய விவாதம், அதை இன்னொருநாள் பேசுவம். எங்கட கேள்வி சின்னது. ரெண்டு பரப்பு வீட்டுவளவில, ஆழமில்லாத மண்ணில, வெடிச்ச சுண்ணாம்புக்கல்லுக்கு மேல, குடிக்கிற கிணத்துக்கு இருபதடி தள்ளி, முதுகில ரேங் கட்டிக் களைநாசினி விசிற வேண்டிய அவசியம் என்ன? வலிகாமத்தில தோட்டச் செய்கை நெருக்கமான இடங்களில பல கிணறுகளின் நைத்திரேற்று அளவு, உலக சுகாதார நிறுவனம் சொல்லுற லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருக்கு எண்டு எத்தனையோ ஆய்வுகள் சொல்லீட்டுது. மேல போடுறது கீழ போகும் எண்டதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? தோட்டக்காரருக்கு வயிற்றுப்பாடு எண்ட காரணமாவது இருக்கு. முத்தத்துப் புல்லுக்கு மருந்தடிக்கிற எங்களுக்கு என்ன இருக்கு?

இதில இன்னொரு வேடிக்கையும் இருக்கு. மருந்தடிக்கச் சொல்லுற போன் அழைப்பு பல நேரம் வெளிநாட்டில இருந்துதான் வரும். பூட்டின வீட்டுக்குக் காவல் இருக்கிற பெரியம்மா வட்ஸ்அப்பில வீடியோ காட்டவேணும். "என்ன இப்பிடிப் பத்திப்போய்க் கிடக்கு, காசு அனுப்புறன், மருந்தடிச்சுவிடுங்கோ." அந்தக் குரல் ரொறன்ரோவில இருந்து வந்தால், அந்த ஊர் இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில 2009 இல் இருந்து வீட்டுப் புற்தரைக்கு அழகுக்காகக் களைநாசினி அடிக்கிறது தடை. தன்ர வீட்டு முன்பக்கத்தில அடிக்கேலாததை, தன்ர அம்மா தண்ணி அள்ளுற கிணத்தடியில அடிக்கச் சொல்லுற மாதிரித்தானே இது? பிரித்தானியாவிலயும் 2019 இல் இருந்து ஒரு தாவரப் பாதுகாப்பு அமைப்பு, மே மாசம் முழுக்கப் புல்லு வெட்டாமல் விடுங்கோ, பூச்சிகளுக்குப் பூ கிடைக்கட்டும் எண்டு வருஷாவருஷம் கேட்குது. புலம்பெயர்ந்த உறவுகளிட்ட நாங்கள் கேட்கிறது இதுதான்: அங்க நீங்கள் கடைப்பிடிக்கிற சட்டத்தை இஞ்சயும் கொஞ்சம் ஞாபகம் வைச்சிருங்கோ. காசு அனுப்பினால் மருந்துக்கு அனுப்பாமல், ஒரு ஆளுக்கு ரெண்டு நாள் கூலிக்கு அனுப்புங்கோ.

புற்தரையையும் விடேலாது. இப்ப கட்டுற வீடுகளின் முன்பக்கத்துக்கு "மலேசியன் புல்லு" பதிக்கிறது ஒரு தரமாகீட்டுது. குளிர்நாட்டில புற்தரை வேற சங்கதி. அங்கத்தைய புல்லு பனிக்குக் கீழ உறங்கி, ஏப்ரலில எழும்பும். மண் இளகினபிறகு செத்த புல்லை வாரி எடுத்து, இறுகின மண்ணில துளையிட்டு, வெறுமையான இடத்துக்கு விதை தூவுவினம். அதுக்குப் பிறகு மழையும் அளவான வெயிலும் அதைப் பார்த்துக்கொள்ளும். அந்த வேலைக்கு அங்க ஒரு நியாயம் இருக்கு, நாங்கள் அதைப் பகிடி பண்ணேல்ல. இஞ்ச கணக்குப் பார்ப்பம். ஆயிரம் சதுர அடிப் புற்தரைக்குக் கோடையில நாளுக்கு ஐந்து மில்லிமீற்றர் தண்ணி விட்டால் 460 லீற்றருக்கு மேல. மாசத்துக்குப் பதினாலாயிரம் லீற்றர். அடுத்த ஒழுங்கையில பவுசர் தண்ணிக்குக் குடத்தோட வரிசையில நிக்கிற ஊரில, மிதிக்கவும் விடாத ஒரு பச்சைப் பாய்க்கு.

புல்லுத்தான் வேணும் எண்டால் உங்களிட்ட அது ஏற்கனவே இருக்கு. அறுகு. நாங்கள் செருக்கி எறியிற, பிள்ளையாருக்கு மட்டும் ஒரு பிடி பிடுங்கி வைக்கிற அதே அறுகம்புல்லை, வெப்பநாடுகளில ‘பெர்முடா புல்’ எண்ட பேரில கொல்ஃப் மைதானத்துக்கும் விளையாட்டரங்குக்கும் காசு குடுத்துப் பதிக்கினம். அது கோடையில பழுப்பாகும், செத்த மாதிரி இருக்கும், ஒரு மழைக்குத் திரும்ப வரும். மாசியில உயரமாக வெட்டிவிட்டுப் பேசாமல் இருந்தால் போதும். சித்திரையில பச்சையாக இருக்காது எண்டதை மட்டும் நாங்கள் ஏற்றுக்கொள்ளவேணும். யாழ்ப்பாணத்துச் சித்திரையில பச்சையாக இல்லாதது ஒரு குறை எண்டு ஆர் சொன்னது?

புல்லு வேண்டாம், மண்ணும் வேண்டாம் எண்டவர்களுக்கு இன்ரர்லொக் கல்லு. சேறு இல்லை, கூட்ட லேசு, கார் விடலாம். காலுக்கும் முதுகுக்கும் ஏலாத வயதானவர்கள் வீட்டு வாசலில ஒரு பாதை பதிக்கிறதை நாங்கள் குறை சொல்லமாட்டம். மதில் தொடக்கம் மதில்வரைக்கும் மூடுறதுதான் பிரச்சினை. ஆயிரம் சதுர அடிக் கூரையில ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் 93 லீற்றர் தண்ணி. நூறு மில்லிமீற்றர் கொட்டுற ஒரு நாளில ஒன்பதாயிரம் லீற்றருக்கு மேல. அதே அளவு கல்லுப் பதிச்ச முத்தத்தையும் சேர்த்தால் ரெட்டிப்பு. முந்தி அது முத்தத்திலயே ஊறிக் கிணத்துக்குப் போனது. இப்ப படலையால வெளிய ஓடி ஒழுங்கைக்கு வரும், ஒழுங்கையில இருந்து பள்ளமான வளவுக்குள்ள போகும். அந்த வளவுக்காரர் அடுத்த வருஷம் பத்து லோட் மண் கொட்டிக் காணியை உயர்த்துவார். பிறகு அவருக்குப் பக்கத்து வீடு தாழும். 2024 நவம்பர் வெள்ளத்தில குடாநாட்டில எத்தனை வீட்டுக்குள்ள தண்ணி வந்தது எண்டு பார்த்தனாங்கள். புயல் ஒரு காரணம், எங்கட முத்தங்களும் ஒரு காரணம். மழை விட்ட கையோட, எந்த இடத்தில தண்ணி தேங்கினது எண்டு ஞாபகம் இருக்கேக்கையே, பீலித் தண்ணி போய் ஊறுறதுக்கு ஒரு கிடங்கு வெட்டிக் கல்லும் சல்லியும் போட்டு வையுங்கோ. ஐப்பசியில நினைச்சால் நேரமிராது.

இவ்வளவும் சொன்னால் வாற முதல் எதிர்க்கேள்வி எங்களுக்குத் தெரியும். "பாம்பு வந்தால்?" நியாயமான கேள்வி. புடையனும் சுருட்டையும் எட்டடிவிரியனும் கற்பனை இல்லை. சருகுக் குவியலுக்குள்ள எலி வரும், எலிக்குப் பின்னால பாம்பு வரும். அதனால வீட்டுச் சுவரைச் சுற்றி ஆறடிக்கும், படலைக்குப் போற பாதைக்கும், கிணத்தடி, கக்கூஸ் போற வழிக்கும் ஒரு சருகும் இருக்கக்கூடாது. அதைக் கூட்டுங்கோ, நல்லாய்க் கூட்டுங்கோ. ஓலை, விறகு, பழைய ஓடு எல்லாத்தையும் சுவரோட சாத்தாமல் தள்ளி அடுக்குங்கோ. இருட்டில ரோர்ச் இல்லாமல் இறங்காதேங்கோ. உக்கல் கிடங்கு கோடிப்பக்கம் தூரத்தில இருக்கட்டும். முழு வளவையும் மொட்டையடிச்சால்தான் பாம்பு வராது எண்டில்லை, மொட்டை வளவுக்குள்ளயும் அது கோழிக்கூட்டைத் தேடி வரும்.

ரெண்டாவது, டெங்கு. மாரி முடியிற டிசம்பர், ஜனவரியிலதான் இஞ்ச டெங்கு கூடும், பி.எச்.ஐ. வந்து வளவு பார்க்கிறதும் அப்பதான். அவர் வாறார் எண்டவுடன செய்யிற முதல் வேலை சருகை எரிக்கிறது. ஆனால் டெங்கு நுளம்பு முட்டையிடுறது தண்ணி நிக்கிற பாத்திரத்தில: சிரட்டை, ரின், யோகட் கப், ரயர், பூச்சாடித் தட்டு, அடைபட்ட பீலி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால இருக்கிற தட்டு. முட்டை காய்ஞ்சுபோய் மாசக்கணக்கில ஒட்டிக்கொண்டிருந்து, திரும்பத் தண்ணி பட்டால் பொரிக்கும். ஆகவே கவிழ்த்தால் மட்டும் காணாது, உள்பக்கத்தை உரஞ்சிக் கழுவவேணும், கிழமைக்கு ஒருக்கா. பரப்பின சருகில தண்ணி நிக்காது. சருகுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற யோகட் கப்பிலதான் நிக்கும். எரிக்கிறதைவிடப் பொறுக்கிறது பலன்.

மூன்றாவதை ஆக்கள் கேட்கிறது குறைவு, நாங்களே சொல்லுறம். 2024 டிசம்பரில எலிக்காய்ச்சல் யாழ்ப்பாணத்தில உயிர்களை எடுத்தது. வெள்ளம் நின்ற வளவில வெறுங்காலோட, கையில வெட்டுக்காயத்தோட இறங்கி வேலை செய்யிறது விளையாட்டில்லை. சப்பாத்து, கையுறை, முடிஞ்சதும் சவர்க்காரம். காய்ச்சல் வந்தால் வளவில வேலை செய்தனான் எண்டதை வைத்தியரிட்ட முதல் சொல்லவேணும்.

சப்பாத்தும் கையுறையும் எண்டவுடன, ஆருக்கு எண்ட கேள்வியும் வருது. வளவு கூட்டுறது ஆரின்ர வேலை? வீட்டில எண்டால் அம்மா, அம்மம்மா, அக்கா, தங்கச்சி. வெளியில இருந்து ஆள் பிடிச்சால் அறுபது வயது தாண்டின ஒரு ஐயா, வெறுங்காலோட, உழவாரத்தோட. வளவைப் பற்றிக் கருத்துச் சொல்லுறது பெரும்பாலும் கதிரையில இருந்து தேத்தண்ணி குடிக்கிற ஆம்பிளையள். இந்தக் கட்டுரையை வாசிச்சுப்போட்டு, "அம்மா, இனி எரிக்காதேங்கோ, கிடங்கு வெட்டித் தாளுங்கோ" எண்டு சொல்லிவிட்டு போனைப் பார்க்கப் போற தம்பிமாருக்கு: அந்தக் கிடங்கை நீங்கள் வெட்டுங்கோ. எரிக்கிறதுக்கு ஒரு நெருப்புக்குச்சி காணும், தாட்கிறதுக்கு உடம்பு வேணும். உடம்பு குடுக்க ஆளில்லாத வீட்டிலதான் நெருப்பு வைக்கினம்.

2022 ஐ ஞாபகம் இருக்கா? காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, மரக்கறி விலை தொட ஏலாது. அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு குடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னாங்கள். முதல் வருஷம் இரசாயனப் பசளையை ஒரே நாளில நிப்பாட்டினவர்களே அதையும் சொன்னது வேற கதை. ஆனாலும் அந்த வருஷம் கத்தரியும் வெண்டியும் மரவள்ளியும் வைக்காத வளவு குறைவு. மதிலோரத்துப் பசளி, பைக்குள்ள பச்சைமிளகாய், கோடியில பயித்தை. பலருக்கு முதல்தரம் தெரிஞ்சது தங்கட மண் எவ்வளவு வெறுமையாக இருக்கு எண்டது. நட்டது வரேல்ல. தண்ணி விட்டால் நிக்கேல்ல, மேலால ஓடினது. வருஷக்கணக்காகக் கூட்டி எரிச்ச மண் அது, எப்பிடி வரும்? வரிசைகள் போனதோட அந்தத் தோட்டங்களும் போச்சு. கையுறை போட்ட இடம் தெரியாது, மரவள்ளித்தடியும் சருகோட சேர்ந்து எரிஞ்சு போச்சு.

இந்த வருஷத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கு. மாசிப்பனி கொட்டுற வரைக்கும் மேல்மண்ணில ஈரம் நிக்கும். பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம், முழு வளவையும் ஒரேயடியாக மாற்றவும் வேண்டாம். முன்முத்தத்தை அம்மாவின்ர விருப்பப்படி விடுங்கோ. கோடியில ஒரு பரப்பை மட்டும் நெருப்பு வைக்காமல், செருக்காமல், இந்தக் கோடை முடியும்வரைக்கும் மூடி வைச்சுப் பாருங்கோ.

வேம்பு இப்பதான் இலை கொட்டுது. பங்குனி, சித்திரையில பூக்கும். அதுக்கு முதல் மரத்துக்குக் கீழ மட்டும் சுத்தமாகக் கூட்டி, பழைய சாக்கு ரெண்டு விரிச்சு வையுங்கோ, வடகத்துக்குப் பூ வேணும். கூட்டின இலையை வாழையடியில கொண்டுபோய்ப் போடுங்கோ.